ஆறு எண்கள்

மே 8, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு பிளஸ் டூ முடிவு. கடையைத் திறப்பதற்கு முன்பே பதினோரு பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். எல்லாருக்கும் பார்த்துச் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் மர்யமின் எண்ணைத் தட்டினேன். கணிதம் 96, இயற்பியல் 91, வேதியியல் 93. கட்-ஆஃப் 188. தாள் பேனா எதுவும் தேவைப்படவில்லை. இந்த கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்த ஒன்பது வருடமாக கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்ட கணக்குதானே.

மர்யம் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அத்தா இருந்தா என்ன சொல்லிருப்பாங்கம்மா?" என்றாள்.

"கணக்குல மிச்ச நாலு மார்க்கு எங்க புள்ளன்னு கேட்டிருப்பாங்க."

சிரித்தாள். அவர் சவூதியில், தம்மாமில் இறந்து நான்கு வருடம். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. இந்த வீட்டில் நானும் அவளும்தான். தெரிந்த விஷயத்தை இன்றைக்கு எதற்கு எழுதி வைக்கிறேன்?

மே 21, புதன்

மர்யமின் பொறியியல் விண்ணப்பத்தைப் போட்டாயிற்று. முதல் பட்டதாரிச் சலுகை உண்டு, வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அரசுப் பள்ளி ஒதுக்கீடு இல்லை. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. "உதவி பெறும்" என்ற இரண்டு சொல்லுக்காக எத்தனை பேர் என் கடையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். இன்று என் முறை. நான் அழவில்லை, ஒரு டீ குடித்தேன்.

கைபேசி எண் என்ற இடத்தில் என் நம்பர். அவளிடம் போன் இல்லை, காலேஜில் சேர்ந்த பிறகுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இனி இந்த விண்ணப்பத்தில் எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. எனக்குத்தான் வரும்.

ஜூன் 12, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு நாள். விசைப்படகில் போகும் அழகுமலை அண்ணன், தன் மகளின் மார்க் சீட்டோடு வந்திருந்தார். கடலுக்குப் போகுமுன் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

"பக்கத்துல இருக்குற காலேஜ மொத போட்ரு தங்கச்சி. அது கெடச்சாப் போதும். மத்ததெல்லாம் கீழ கெடக்கட்டும்."

எல்லாரும் செய்யும் தப்பு. எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். பிடித்தது மேலே, கிடைப்பது கீழே. மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதை கம்ப்யூட்டர் ஏறெடுத்தும் பார்க்காது. சுலபமாகக் கிடைப்பதை முதலில் போட்டால் அத்தோடு சரி, மற்றதெல்லாம் வெறும் எழுத்து.

தலையைத் தலையை ஆட்டினார். போகும்போது, "ஒனக்கென்ன தங்கச்சி, ஒம் மக எடுத்த மார்க்குக்கு எங்கிட்டு வேணாப் போயிருவா" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஜூன் 27, வெள்ளி

ரேங்க் பட்டியல் வந்துவிட்டது. மூன்று வருடத்துப் பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கேட்பது எலக்ட்ரிகல். கோயம்புத்தூரில் ஓர் அரசுக் கல்லூரி. எங்கள் பி.சி.எம். பிரிவில் அந்த இடம் முடிந்த மார்க்: 184, அடுத்த வருடம் 185.5, போன வருடம் 187. ஏறிக்கொண்டே போகிறது. இவளிடம் இருப்பது 188. வேறு யாராவது வந்து கேட்டால், "பாதிக்குப் பாதி, போட்டுப் பாருங்க" என்பேன்.

இன்னொன்று புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. 150க்கே கிடைக்கிறது. அறந்தாங்கிவரை அவர்கள் பஸ் வரும். காலை ஆறு மணிக்குப் போனால் மாலை ஏழுக்கு வீடு. ஃபீஸ்தான் உதைக்கிறது. கோயம்புத்தூரில் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் இங்கே ஃபீஸும் பஸ்ஸும் ஆகிற அளவுக்கு வராது. எப்படிக் கூட்டினாலும் கோயம்புத்தூர்தான் சரி.

ஆனால் மாலை ஏழுக்கு வீடு.

கோயம்புத்தூர் 189இல் முடிந்துவிட்டால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா இது? எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

ஜூலை 14, திங்கள்

கல்லூரிப் பட்டியல் போட மூன்று நாள் கொடுத்திருக்கிறார்கள். நான் சாப்பிடப் போய் வருவதற்குள் மர்யம் கடையில் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் போட்டு வைத்திருந்தாள். பார்த்தேன். முதல் இடத்தில் புதுக்கோட்டை. கோயம்புத்தூர் இரண்டாவது.

"என்ன புள்ள இது?"

"கெடைக்கிறத மொத போட்டேம்மா. ரிஸ்க் வேணாம்."

நான்கு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து ஊரார் பட்டியலையெல்லாம் திருத்திய பெண். முதலில் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? போன வருடம் ஒரு வாத்தியாருக்கே பாடம் எடுத்தவள்.

சரி என்றேன். சரி என்றா சொன்னேன்!

ஜூலை 15, செவ்வாய்

இன்று ஏழு பேருக்குப் பட்டியலைத் திருத்திக் கொடுத்தேன். ஏழு பேரிடமும், "பக்கத்துல இருக்குங்கறதுக்காக மேல போடாதீங்க" என்று சத்தமாகச் சொன்னேன். மர்யம் அடுத்த நாற்காலியில்தான் இருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

ஐந்து மணிக்குள் பட்டியலை உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்துவிட்டால் பிறகு யார் நினைத்தாலும் மாற்ற முடியாது.

நான்கு மணிக்கு மர்யம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் கல்லாவில். போன் சிணுங்கியது.

"நம்பர் சொல்லும்மா."

407291 என்று வந்திருந்தது. நான்கு, பூஜ்யம், ஏழு, இரண்டு, ஒன்பது என்று சொன்னேன். கடைசிக்கு ஏழு என்றேன்.

அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. இரண்டு நாளாகச் சொல்ல வராத வாய்க்கு, தப்பாகச் சொல்ல மட்டும் வந்தது.

"தப்புன்னு காட்டுதும்மா." மறுபடி புது எண் வரவழைத்துக் கேட்டாள். அதிலும் ஓர் எண்ணை மாற்றினேன். மூன்றாவது தடவையும்.

"கண்ணாடியப் போட்டுப் பாரேம்மா."

"போட்டுத்தான் இருக்கேன்."

எழுந்து வந்து போனை வாங்கிப் பார்த்தாள். வந்திருந்த மூன்றையும் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா இப்படிச் செய்றே?"

"மேல இருக்குறத மாத்து. கோயம்புத்தூர மொத போடு."

"மாட்டேன். நீ ஒத்தையில என்ன செய்வே?"

"கடை இருக்கு."

"எட்டு மணிக்குக் கடையச் சாத்திருவே. அப்பறம்?"

அப்புறம் என்ன? அதற்குத்தானே இத்தனை நாள் பதில் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. கிடைக்காமலே வாயில் வந்ததைச் சொன்னேன்: "அப்பறம் வீட்டுக்குப் போவேன். ஒன்னய நெனச்சு அழுவேன். அது எம்பாடு. ஒனக்காகக் கெடக்குற எடத்த எனக்காக விட்டுட்டு, நாலு வருசம் தெனமும் ஏழு மணிக்கு வந்து நின்னீன்னா அத எப்புடிப் பாப்பேன் நான்? சொல்லு, எப்புடி?"

இரண்டு பேரும் அழுதோம். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

4.40க்கு மாற்றினாள். கோயம்புத்தூர் ஒன்று. புதுக்கோட்டை கடைசி. நான்காவது ஓ.டி.பி. வந்தது. ஆறு எண்ணையும் சரியாகச் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

கோயம்புத்தூரே கிடைத்துவிட்டது. பாதிக்குப் பாதி என்றேனே, மேல் பாதி.

அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நான் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்ளும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது மாடி, ஜன்னல் பக்கத்துக் கட்டில். போன் வாங்கிக் கொடுத்தாயிற்று.

"எல்லாத்துலயும் ஒன் நம்பர்தாம்மா இருக்கு. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா மாத்திருவாங்களாம்" என்றாள்.

"மொதல்ல பாடத்தப் பாரு. நம்பர அப்பறம் மாத்திக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை திருச்சி வரை காலி. பையை எடுத்து அதில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

எட்டு மணிக்குக் கடையைச் சாத்தவில்லை. ஒன்பதே காலுக்குச் சாத்தினேன். யாரும் வரவில்லை. பிரிண்டரைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

பேசினாள், நான்கு நிமிடம். "சாப்புட்டியாம்மா? நானும் சாப்புட்டேன். டிராயிங் சீட்டு முடிக்கணும்மா, வைக்கவா?"

வை என்றேன். அவளுக்கு நேரமில்லாமல் இருக்கத்தானே அனுப்பினேன். அது நடக்கிறது. பிறகு ஏன் எனக்குக் கோபம் வருகிறது? யார் மேல்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பேசவில்லை. பரீட்சை என்று முன்பே சொல்லியிருந்தாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாலை ஐந்தரைக்கு போன் சிணுங்கியது. உதவித்தொகைப் பதிவுக்கு ஓ.டி.பி. அதைப் படித்து முடிப்பதற்குள் மர்யமின் அழைப்பு.

"வந்துருச்சாம்மா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவசரப்படவில்லை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் மூச்சு விட்டுக்கொண்டேன்.

"தப்புன்னு காட்டுதும்மா."

"நான் சரியாத்தான் சொன்னேன்."

"இன்னொன்னு வரும் பாரு." அது வரும்வரை பேசினாள். மெஸ்ஸில் ரசம் எந்த நிறத்தில் இருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்தில் என்ன உளறுகிறாள், மோட்டார் லேபில் கையைச் சுட்டுக்கொண்டது யார். இரண்டாவது நம்பர் வந்தது. சொன்னேன். அதுவும் தப்பு என்றாள். மூன்றாவதற்குக் காத்திருக்கும்போது அழகுமலை மாமா மகளுக்கு எந்தக் காலேஜ் கிடைத்தது என்று கேட்டாள். ராமநாதபுரம் என்றேன், அந்தப் பெண் கேட்டதும் அதுதான் என்றேன்.

மூன்றாவது வந்தது. கடைசி எண் ஒன்று. சொல்லிவிட்டு, "ஏழுன்னு போட்றாத புள்ள" என்றேன்.

அந்தப் பக்கம் எண்களைத் தட்டும் சத்தம் நின்றது. பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நம்பரை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வைத்த பிறகு போனில் பார்த்தேன். இருபத்தாறு நிமிடம்.

கடையை எட்டு மணிக்குச் சாத்தினேன்.