சனிக்கிழமை பத்து மணிச் சங்கு

ஆகஸ்ட் 5, திங்கள்
பத்தாம் வகுப்பு வரலாற்றுத் தாள்கள் நாற்பத்திரண்டு. பதினேழு திருத்தியாயிற்று. கழுத்து விண் விண்ணென்று தெறிக்கிறது.

சாயங்காலம் விழாக் குழுத் தலைவர் வந்தார். அணையைத் திறந்துவிட்ட வெள்ளத்தில் கீழ்த்தெருவில் பதினொரு பேர் செத்து அடுத்த மாதம் முப்பது வருஷம். நினைவுக்கல் வைக்கிறார்களாம். அதில் எட்டு வரி நான் எழுத வேண்டுமாம். "வரலாறு உங்க சப்ஜெக்ட்தானே டீச்சர்!" கல்லைத் திறந்து வைப்பது அப்பா. அப்போது அணையில் வேலை பார்த்த அவர்தான் அன்று மதகு ஷட்டரைத் திறந்தவர். திறக்காவிட்டால் அணையே உடைந்து ஊரே போயிருக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். கூச்சம் போல.

ஆகஸ்ட் 8, வியாழன்
எட்டு வரியில் அரை வரிகூட வரவில்லை.

ஆகஸ்ட் 10, சனி
அப்பாவை உட்கார வைத்துக் கேட்டு எழுதினேன். "சங்கு ஊதினேன். ஒரு நிமிஷம், நிறுத்தாம, விதியில இருக்கிற மாதிரியே. பத்து நிமிஷம் பொறுத்துத்தான் ஷட்டரைத் தூக்கினேன். தண்ணி கீழ்த்தெருவுக்குப் போக இன்னும் இருபது நிமிஷம். அரை மணி நேரம்மா! அதுக்குள்ள ஓட முடியாதா? நான் என்ன பண்ணட்டும்?"

நடுவில் சட்டென்று எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார். சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு அணையில் அபாயச் சங்கைச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்துக்கு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பது அவர் வழக்கம். அந்தச் சத்தம் சலித்துப்போயிருக்கும் என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்
தைக்கக் கொடுத்த துணி தயாரா என்று கேட்கப் போனேன். தையல்கார அக்கா கீழ்த்தெருக்காரி. அந்த வெள்ளத்தில் அம்மாவும் தம்பியும் போனபோது அவளுக்குப் பதினாலு வயது. கல் என்று சொன்னதுமே மெஷினை நிறுத்திவிட்டாள். முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தார்களே என்றேன்.

"எச்சரிக்கையா? யாரு குடுத்தா? எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல டீச்சர், சத்தியமா. நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க. எழுதறவங்க எல்லாரும் மேட்டுல இருக்கறவங்கதானே."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். அப்பாவா? சே, என்ன புத்தி எனக்கு! ஆனால் அவள் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள்?

ஆகஸ்ட் 14, புதன்
"ஒரு சம்பவத்தைச் சொல்றவங்க எங்க நின்னு பார்த்தாங்கன்னு முதல்ல கேளுங்க" — வகுப்பில் வாய் கிழியப் பேசினேன். வீட்டுக்கு வந்தால் யார் பொய்யர் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நல்ல வாத்தியார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
அப்பாவின் பழைய டியூட்டி நோட்டு பெட்டியில் கிடைத்தது. "சனி. 9.48 சங்கு. 9.58 ஷட்டர் 3, 4." அவ்வளவுதான். சனி! திரும்பத் திரும்ப அதையே பார்த்தேன்.

அப்படியே கிளம்பி தையல்கார அக்கா வீட்டுக்குப் போனேன். எச்சரிக்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெள்ளத்தன்று காலை உங்க அம்மா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க என்று மட்டும் கேட்டேன்.

"துணி துவைச்சுக்கிட்டு இருந்தாங்க. பத்து மணிச் சங்கு ஊதுச்சு, வாரா வாரம் ஊதுமே, அதான். 'ஐயையோ, நம்ம கடிகாரம் பன்னெண்டு நிமிஷம் மெதுவா ஓடுதே'ன்னு ஸ்டூல் மேல ஏறி முள்ளைத் திருப்பி வெச்சாங்க. என்னை மேட்டுக் கடைக்கு அனுப்பினாங்க. அப்புறம்தான்..."

கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. அதை அவளிடம் சொல்லாமலே வந்துவிட்டேன்.

அந்தச் சங்கை நானும் கேட்டேனே! பதினொரு வயது. மேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ். பத்தாகிவிட்டது, ஓவிய வகுப்புக்கு நேரமாச்சு என்று செருப்பைத் தேடினேன். ஊதியவர் மகளுக்கே தெரியவில்லை. அவர்கள் எப்படி ஓடுவார்கள்?

ஆகஸ்ட் 24, சனி
குளியலறைக்கு வெளியே நின்றேன். குழாய் நின்றது. அப்பா வந்தார்.

"அன்னிக்கு சனிக்கிழமைன்னு ஞாபகம் இருந்துச்சாப்பா?"

துண்டால் கையைத் துடைத்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இருந்துச்சு. சுவிட்ச்சுல கை வெச்சப்பவே தோணுச்சு. விட்டு விட்டு ஊதினா என்னடா புதுசா இருக்குன்னு எட்டிப் பார்ப்பாங்களோன்னு. விதியில அப்படி இல்லையேம்மா. மாத்தி ஊதி ஏதாவது ஆச்சுன்னா என் தலைதானே உருளும்."

அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல், எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது" என்றார். மதியம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி
எட்டு வரியையும் குழுவில் படித்தேன். சங்கு ஊதப்பட்டது. கேட்டவர்கள் வாராந்தரச் சோதனை என்று நினைத்தார்கள். அப்படி நினைக்கக்கூடும் என்று ஊதியவருக்கும் தோன்றியது. இவ்வளவுதான் விஷயம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊதுச்சுன்னு எழுதுங்க, இல்ல ஊதலன்னு எழுதுங்க. இப்படி ரெண்டுங்கெட்டானா எழுதினா கல்லு கொத்தறவனே சிரிப்பான் டீச்சர். பெத்த அப்பாவை யாராவது இப்படி எழுதுவாங்களா?"

மற்றவர்கள் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 3, செவ்வாய்
கல் திறந்தாயிற்று. "இயற்கையின் சீற்றத்தில் உயிர்நீத்த பதினொருவர் நினைவாக." வேறு யாரோ எழுதிய ஒரே வரி. சங்கும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை.

அப்பா அங்கே போகவில்லை. அதே நேரத்துக்குத் தையல் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்பது நாற்பத்தெட்டு, சுவிட்ச், கையில் இருந்த தயக்கம், எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"அப்போ எங்க கடிகாரம் சரியாத்தான் ஓடுச்சா?"

நான்தான் ஆமாம் என்றேன்.

தைக்காமல் கிடந்த என் துணியை மடித்து என் கையில் கொடுத்தாள். "வேற யாருகிட்டயாவது குடுத்துக்கோங்க டீச்சர்."

செப்டம்பர் 6, வெள்ளி
சோதனைக்கு மட்டுமாவது சங்கை விட்டு விட்டு ஊதுங்கள் என்று அணை அலுவலகத்துக்கு மனு. அப்பா தன் கைப்பட எழுதினார், காரணத்தையும் சேர்த்து.

செப்டம்பர் 21, சனி
மனுவுக்குப் பதில் இல்லை. பத்து மணிக்கு அதே சங்கு, ஒரு நிமிஷம், நிறுத்தாமல். முப்பது வருஷமாக அதேதான்.

குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. அப்பா வாசலில் நின்று கீழ்த்தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கு ஓய்ந்தது. அவர் நகரவில்லை. நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். உட்காரவில்லை.

அரை மணி நேரம் முழுசாக நின்றுவிட்டு, பத்தரைக்கு உள்ளே வந்தார்.