கங்கம்மா கோயில் பக்கத்துக் கம்பி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு செல்வியும் நானும் ஆத்தங்கரையில நடந்துக்கினு இருந்தோம். கங்கம்மா கோயில்கிட்ட ஊரு வழக்கப்படி செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கினோம். எங்க முன்னால ஓடுன தெருநாய் ஈரப்புல்லுல கால் வச்சதும் சுருண்டு விழுந்து செத்துப்போச்சு. காட்டுப்பன்னிக்காகக் கட்டுன கரண்டு கம்பி.

நிலத்துக்காரன் ஓடியாந்தான். "பன்னி வேர்க்கடலையெல்லாம் துன்னுட்டுப் போவுது அக்கா. இன்னிக்குத்தான் கட்டுனேன். இருட்டுனப்புறம் இந்தப் பக்கம் யாரு வராங்க?"

எம்புருஷன் வருவாரு. செகண்டு ஷிப்டு முடிஞ்சா அதான் வழி.

பிடுங்கிடறேன்னு சத்தியம் பண்ணான். பிடுங்கியிருப்பானா? ராத்திரியாச்சு, எம்புருஷன் போனு சுவிட்ச் ஆஃப். அவரை வழியிலயே நிறுத்த டார்ச்சோட எதிர்ல போன செல்வி புருஷனையும் காணோம்.

கங்கம்மா, கோவிச்சுக்காதே தாயி. இன்னிக்கு ஒருநாள் அவரு உன்னைச் செருப்புக் காலோடயே தாண்டி வரட்டும்.