தோள் மாற்றும் வார்த்தை

என் அலமேலு அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இதை ரயிலிலேயே சொல்லி முடித்திருப்பேன். காஞ்சிபுரத்தில் ஏறினால் சென்னை வரும்வரை நாம் பேசாத பேச்சா? இப்போது ஜன்னலோர இடம் எனக்கே கிடைக்கிறது. பேசத்தான் ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றில் இந்த வருஷம் கொஞ்சம் தண்ணீர் வந்தது. ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது, நானும்தான். முழங்கால் தண்ணீருக்கே வாயைப் பிளக்கிற ஊர்க்காரி நீ, எப்படி அக்கா அத்தனை கப்பல்களுக்கு ஆள் அனுப்பினாய்?

கப்பல் கம்பெனியில் வேலை என்றால் கடலில் மிதப்போம் என்று நினைக்கிறார்கள். நம் கடல் எல்லாம் மேசைமேல்தான். ஒப்பந்தம் முடிந்து இறங்குகிறவர் மணிலாக்காரர், அவர் இடத்தில் ஏறுகிறவர் கொல்கத்தாக்காரர், கப்பல் நிற்கப்போவதோ ஏதோ ஓர் ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் அரை நாள். விசா, விமானம், கரையிலிருந்து கொண்டுபோய் விடும் படகு, எல்லாம் அதற்குள் வந்து பொருந்த வேண்டும். நடுவில் புயல் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. நீ மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே அதைச் செய்வாய். பக்கத்து நாற்காலியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் எனக்கு அது சாதாரண வேலையாகத் தெரிந்ததில்லை.

அந்தச் சுற்றறிக்கை நினைவிருக்கிறதா? ஒரு கப்பலில், இறங்குகிறவர் விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் பழுதான நீராவி வால்வைப் பற்றிச் சொல்லாமலே போய்விட்டார். புதிதாக வந்தவருக்குக் கை வெந்துவிட்டது. உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! வருகிறவர் வாய்விட்டு ஏற்றுக்கொள்ளும்வரை போகிறவர் நகரக் கூடாது என்று எல்லாக் கப்பல்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதினாய். எழுதிய வேகத்தில், வருகிறவர் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்லை மட்டும் உன் வீட்டுச் சொல்லாகவே ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பிவிட்டாய். "வாங்கிட்டேன்."

உன் அப்பாவும் அண்ணனும் சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணுகிறவர்கள். நடக்கும்போதே தோள் மாற்ற வேண்டும். உள்ளே நுழைகிறவர் பல்லக்குத் தண்டைத் தோளில் வாங்கி, "வாங்கிட்டேன்" என்று குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர் விலகுவார். "அத சொல்லலன்னா, உசுரு போனாலும் எங்கப்பா தோள எடுக்கமாட்டாருடி" என்பாய்.

மேனேஜர் தாம்தூம் என்று குதித்தார். "இன்னாம்மா இது? எந்த ஊரு பாஷை?"

"போயிடுச்சு சார். இப்ப திருத்துனா இன்னும் குழம்பிக்கினு கெடப்பாங்க. இருந்துட்டுப் போவுது."

அப்புறம் புதுக் கையேடு வந்தது, விதி நல்ல ஆங்கிலத்துக்கு மாறியது. நாமும் மறந்துவிட்டோம்.

நீ சொல்லாமல் கொள்ளாமல் கண்ணை மூடிவிட்ட பிறகு உன் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முடியாது என்றேன். வேலையைச் செய்தேன், ஆனால் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்துதான். வீட்டில் சாவு விழுந்தால் நடுக்கடலில் இருக்கிற மனிதருக்கு அதைச் சொல்ல வேண்டிய குரல் உன்னுடையது. அது எனக்கு எங்கிருந்து வரும்? போன வாரம் மேனேஜரும் பொறுமை இழந்தார். "திங்கக்கிழமை முடிவா சொல்லிடும்மா. இல்லன்னா மொத்த வேலையும் வெளிநாட்டு ஆபீஸுக்குப் போயிடும். அங்க கப்பல்ல இருக்கறவங்கல்லாம் வெறும் பேருதான்." அதற்குள் ஒரு கப்பலையாவது கண்ணால் பார்த்துவிட்டு வா என்று எண்ணூருக்கு அனுப்பினார்.

நீ கடைசிவரை ஒரு கப்பலிலும் ஏறவில்லை. "எனக்குத் தல சுத்தும்பா" என்று தட்டிக்கழித்துவிடுவாய். நான் ஏறினேன் அக்கா. கோபுரத்தைப் படுக்க வைத்தாற்போல் அவ்வளவு பெரிது.

மேல்தட்டில் காவல் மாறும் நேரம். பணி முடிந்த அதிகாரி சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தும் நகராமல் நின்றார். அடுத்து வந்தவர் பிலிப்பைன்ஸ்காரர். கட்டியிருந்த கயிறுகளையும் சரக்குக் குழாயையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து உரக்கச் சொன்னார்: "வாங்கித்தேன்!"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இது என்ன வார்த்தை என்று கேட்டேன். கேப்டன் கோவாக்காரர். கடலோடிகளின் பழைய சொல், போர்ச்சுக்கீசியமாக இருக்கும் என்றார். இந்தக் கம்பெனிக் கப்பல் எதிலும் இதைக் கேட்காமல் யாரும் இடத்தைவிட்டு நகர மாட்டார்களாம். போர்ச்சுக்கீசியமாம் அக்கா! நீ கேட்டிருந்தால் புரையேறச் சிரித்திருப்பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பெல்லாம் சிலிர்த்தது. எந்தெந்தக் கடலிலோ, எந்த நாட்டுக்காரரோ, உன் பெயர்கூடத் தெரியாமல், உன் தெருவின் சொல்லைச் சொல்லி ஒருவர் பாரத்தை ஒருவர் வாங்கிக்கொள்கிறார்கள். யாருக்கும் கை வேகவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டா என் டிபன் பாக்ஸில் ஊறுகாய் தேடிக்கொண்டிருந்தாய்?

ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. நீ போய் இத்தனை மாதமாகியும் நான் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. அப்படியானால் உன் விதிப்படி நீ எப்படிப் போயிருக்க முடியும்? இன்னும் அங்கேயே தோள் வலிக்க நின்றுகொண்டிருந்தாயா?

இன்று திங்கட்கிழமை. காலையில் மேனேஜர் வந்தபோது உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதன் சக்கரம் இன்னும் கிறீச்சிடுகிறது. அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். அவருக்கு அந்தச் சொல் ஞாபகம் இருந்தது, தலையை மட்டும் ஆட்டினார்.

இறங்க வேண்டியவரை நாள் தள்ளாமல் இறக்கிவிடுவேன். வீட்டுத் துக்கத்தை ஒருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்ப மாட்டேன். குரல் உடைந்தாலும் என் வாயால்தான் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வாங்கிட்டேன்கா. நீ தோளை எடுத்துக்கோ.

உன் பக்கத்து நாற்காலித் தங்கச்சி,
மல்லிகா