றெஜினோல்ட் ஏன் ஓடினான்

வெஸ்ட் ஈலிங், லண்டன்
18.11.1988

அன்புள்ள மகள் டொலறஸ்,

மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகம், ரொறன்ரோவில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். உன் கடிதம் வந்து மூன்று கிழமை, பதில் போடவில்லையென்று கோபிக்காதே, ஒரு வழக்கு வேலையில் அகப்பட்டுக் கிடந்தேன். அப்பாவுக்கு முழங்கால் உளைவு கூடிவிட்டது, டொக்டரிடம் போகச் சொன்னால் நாளைக்கு என்கிறார், நீ ஒருக்கால் போன் எடுத்துச் சொல்.

வழக்கு எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெடியன், பாஷையூர் றெஜினோல்டுடையது. சவுத்தாலில் பேக்கரி வேலை, வந்து இரண்டு வருடம். பஸ் நிற்கும் இடத்தில் மூன்று பேர் இவனை வளைத்து அடித்திருக்கிறார்கள், இவன் ஒருவனைத் தள்ளிவிட்டான், அவன் விழுந்து மண்டை உடைந்துவிட்டது. பொலிஸ் வர இவன் ஓடினான். ஓடியதுதான் வினை. தற்காப்புக்குத் தள்ளியவன் ஏன் ஓடவேண்டும் என்று கோர்ட்டில் அரசுத் தரப்புப் பாரிஸ்டர் கேட்டார். றெஜினோல்ட் தமிழில், பொலிசைக் கண்டா ஓடத்தான் எங்களுக்குத் தெரியும், ஊரில ஓடாமல் நிண்டவையை அள்ளிக்கொண்டு போட்டினம், போனவை திரும்பி வரேல்லை என்றான். மொழிபெயர்க்க வந்த மணியம் மலேசியாக்காரர், நல்ல மனுசன், ஆனால் எங்கள் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. பொலிசைக் கண்டால் நான் ஓடுவது வழக்கம் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். பன்னிரண்டு ஜூரிமாரும் அதைத்தான் கேட்டார்கள். இரண்டு மொழியும் தெரிந்த நான் பாரிஸ்டருக்குப் பின்னால் வாய் திறக்க உரிமையில்லாத சொலிசிட்டராக இருந்தேன் பிள்ளை. மொழிபெயர்ப்புப் பிழை என்று துண்டில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் பாரிஸ்டர் எழும்பித் திரும்பக் கேட்டார். திரும்பக் கேட்டதும் றெஜினோல்ட் தன்னை மடக்குகிறார்கள் என்று பயந்துவிட்டான். நான் சொன்னதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான்.

இரண்டு நாள் யோசித்து, பன்னிரண்டில் பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள், இங்கே அது போதும். மூன்று வருடம். சிறைக் காவலர் அவனைக் கீழே கொண்டுபோனார்கள். அவன் பெண்சாதி எமில்டா மேலே பார்வையாளர் இடத்தில் இருந்தாள், ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. எல்லாரும் எழும்பிக் கும்பிடுவது போலக் குனிந்து கடதாசிகளைக் கட்டுவதைக் கண்டு படியிறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். முடிஞ்சுதே அன்ரி, இவர் எந்தக் கதவால வருவார் என்று கேட்டாள். நான் முப்பது வருடம் சட்டம் படித்தும் பார்த்தும் வந்தவள், அவனைக் கீழே கொண்டுபோன கதவைக் கையால் காட்டினேன். அவளுக்கு விளங்கும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மேன்முறையீட்டுக்கு இடமில்லை என்று பாரிஸ்டர் சொல்கிறார், நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எமில்டாவுக்கு வயிற்றில் ஆறு மாதம், எங்களோடுதான் இருக்கிறாள். உன் அறையைக் கொடுத்துவிட்டேன், வருத்தப்படாதே. சாப்பிடு என்றால் ஓம் என்கிறாள், சாப்பிடுவதில்லை.

அங்கே பனி தொடங்கிவிட்டதாம், காதை மூடிக்கொண்டு போ, இழுப்புக்கு அடிக்கிற பம்பை மறக்காதே. உங்கள் இருவர் தலையிலும் என் கை இருப்பதாக நினைத்துக்கொள். செபத்தில் அந்தப் பிள்ளை எமில்டாவின் பெயரையும் சேர்.

இப்படிக்கு
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
மரியநாயகி