ஞாயிற்றுக்கிழமை ரேடியோ

ஸ்காபரோ, கனடா,
12.4.87

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா?

இங்கே ஒரு வானொலி நிலையம் முழுக்க ஸ்பானியப் பாட்டுக்கு மாறிவிட்டது. ஞாயிறு காலையில் அதில் ஒலித்த தமிழ் நிகழ்ச்சியும் நின்றுபோனது. ஊர் மரண அறிவித்தல்களை அதில்தான் கேட்போம். எங்கள் ஊர்ப் பெயர் வராமல் முடிந்த பிறகுதான் தேநீர் குடிப்பேன்.

பழக்கத்தில் இப்போதும் அதே நேரத்துக்கு ரேடியோவைப் போடுகிறோம். பாட்டுகள் உற்சாகமாகத்தான் இருக்கின்றன.

"இப்ப ஊரில ஒருத்தரும் சாகிறேல்லைப் போல," என்று என்னோடு அறையில் இருக்கும் கனகசிங்கம் அண்ணை பகிடி விட்டார். சிரித்தோம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும்: கடித உறையில் விலாசத்தை இனி நீங்களே எழுதுங்கள். போன முறை தங்கச்சியின் கையெழுத்தைக் கண்டு, சில நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

உங்கள் மகன்,
தவராசா