ஒப்புக்கொண்டவனுக்கு இரண்டு வருடம்

ஞாயிறு, இஷா தொழுகைக்குப் பின்

மூன்றாவது கழகத்தை வெளியேற்றுவதற்காக, கடைசி உதைபந்தாட்ட லீக் போட்டியின் முடிவை இரண்டு கழகங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தன. அதற்கு இன்று தண்டனை அறிவித்தோம். விசாரணைக் குழுவில் நானும் ஒருவன். ஆறு பேர் கடைசிவரை மறுத்தார்கள். சந்தேகத்தின் பேரில் மூன்று போட்டித் தடையோடு போனார்கள். கோல் காப்பாளன் றிஸ்வான் மட்டும் பந்தை வேண்டுமென்றே விட்டதாக ஒப்புக்கொண்டான். குற்றம் உறுதியானதால் அவனுக்கு இரண்டு வருடத் தடை. உள்ளதைச் சொல்லும்படி அவனிடம் சொன்னவன் நான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, உப்பளத்து வேலையிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தான் றிஸ்வான். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

“பொய் சென்னவங்களுக்கு மூணு மெச். உள்ளதச் சென்ன எனக்கு ரெண்டு வருஷம். கணக்கு நீங்கதானே படிப்பிச்சீங்க சேர், இது சரியா வருதா?”

“விதி அப்படித்தான் மகன்.”

“ஓம். ரெண்டு வருஷத்தில எனக்கு முப்பத்தஞ்சு. அதுக்குப் பொறகு யாரு சேர் என்ன எடுக்கிற?”

வகுப்பில் “யார் செய்தது?” என்று கேட்பேன். எழுந்து நின்றவனுக்கு அடி விழும். உட்கார்ந்திருந்தவர்கள் தப்பிவிடுவார்கள். அதை ஒழுங்கு என்றே நினைத்திருந்தேன்.

விசாரணையிலும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். றிஸ்வான் எழுந்து நின்றுதான் பதில் சொன்னான்.