ஒரே தீயில் காய்ந்த டிரம்கள்

வில்மர் அண்ணா, சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தூக்குறதுக்குள்ள உன் சின்ன டிரம்மோட தோல் கிழிஞ்சிருச்சு. தீக்கு ரொம்பக் கிட்ட வச்சது நான்தான். நீ அதுக்கு முன்னாடியே, தாளத்தை வேகமா ஓட்டுறது யாருன்னு பெரிய டிரம் வாசிக்கிற எல்விரா அத்தை கோஷ்டியோட சண்டை போட்டு, கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்ட. தோல் இறுகக் காய்ச்சி வச்சா, நீ திரும்பி வந்து வாசிப்பியேன்னு நினைச்சேன்.

மழையில விறகு நனைஞ்சு உங்க பக்கத் தீ பத்தவே இல்ல. அதான் எல்விரா அத்தை பக்கத் தீயில வச்சேன். தோல் வெடிச்சதும் ரெண்டு கோஷ்டியும் ஓடிவந்துச்சு. அத்தை தலையில கைய வச்சுக்கிட்டு, "அடிப்பாவி, இனி உங்கண்ணன் என்னை உயிரோட விடமாட்டானே!"ன்னாங்க. உங்க ஆளுங்களே சிரிச்சுட்டாங்க.

அப்புறம் எல்லாரும் அந்த ஒரே தீயிலதான் காய்ச்சினாங்க. "பெரிய டிரம்காரங்க நீங்கதான் வேகமா ஓடுறீங்க"ன்னு உங்க ரூபென் ஆரம்பிச்சான். "அடேய், ஓடுறது சின்ன டிரம்முடா! மெதுவா வாசிங்கன்னுதானே நானும் கத்துறேன்"னாங்க அத்தை. ரெண்டு பக்கத்துக்கும் மெதுவாத்தான் வேணுமாம்! ஊர்வலத்துல முன்னாடி கொடி பிடிக்கிறவரோட நடைக்கு வாசிச்சுப் பார்த்தோம். தெருவே ஆடுச்சுண்ணா.

பொரிச்ச மிலனேசா இறைச்சிய அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன், மாத்தே டீக்கு வெந்நீர் ஃபிளாஸ்க்ல. நான் அத்தை வீட்ல படுத்துக்கிறேன். உன் மூஞ்சியப் பார்க்க பயமா இருக்கு.

நாஹிர்

எழுத மறந்துட்டேன்: நாளைக்கு ஊர்வலத்துக்கு அத்தை தன் வீட்டுச் சின்ன டிரம்மை உனக்குத் தர்றாங்களாம். "அவன் வாங்கிப்பானாடி?"ன்னு கேட்டாங்க. வாங்கிப்பியாண்ணா?